பெர்க்லியா, லாஸ் ஏஞ்சலஸா?

கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் குடும்பத்தில் மூத்த பிள்ளை பெர்க்லி, 1868-ல் பிறந்தது. லாஸ் ஏஞ்சலஸ் வளாகம் 1919-ல் வெறும் ‘தெற்குக் கிளை’யாக, ஓர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி இருந்த இடத்தில் ஆரம்பித்தது. இன்றோ இரண்டிலுமே 40,000-க்கு மேல் மாணவர்கள்.

பெர்க்லியின் பெயர் தனிம அட்டவணையிலேயே ஏறிவிட்டது: பெர்க்கிலியம். அங்கே நோபல் வாங்கினால் வளாகத்தில் கார் நிறுத்தத் தனி இடம் உண்டு. (பரிசைவிட அதுதான் அரிது என்பார்கள்.) தம்பியும் சளைத்தவன் இல்லை. 1969 அக்டோபர் 29 இரவு, இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டில் முதல் செய்தி லாஸ் ஏஞ்சலஸிலிருந்துதான் போனது. ‘லாகின்’ என்று அடிக்கப் பார்த்தார்கள். எல், ஓ என்று இரண்டு எழுத்து போனதுமே மறுமுனைக் கணினி படுத்துவிட்டது!

சரி, படிக்கப் போகிறவருக்கு? பெர்க்லியில் செமஸ்டர் முறை. பாடம் ஊற நேரம் கிடைக்கும். லாஸ் ஏஞ்சலஸில் பத்து வாரக் காலாண்டு. மூன்றாவது வாரம் தூங்கினால் நான்காவது வாரம் இடைத்தேர்வு வந்து நிற்கும். ஆனால் பல துறைகளைத் தொட்டுப் பார்க்கலாம். மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் வளாகத்திலேயே உண்டு; பெர்க்லிக்கு அது இல்லை. மருத்துவ ஆய்வில் கண் இருந்தால் நான் தம்பி பக்கம்தான்.