சிங்கப்பூரில் கள்ளிச்செடி பார்க்க: ஃப்ளவர் டோமா, சாங்கியா?

நேரம் இருந்தால் யோசிக்காமல் கார்டன்ஸ் பை த பே பூங்காவுக்குப் போய்விடுங்கள். அங்கே 2012-இல் திறந்த ஃப்ளவர் டோம் கண்ணாடிக்கூடத்துக்குள் 23–25 டிகிரியில் காற்றை ஓரளவு உலர்வாகவே வைத்திருக்கிறார்கள், அதனால்தான் இந்த ஈரப்பத ஊரில் வறண்ட நிலத்துச் செடிகள் அழுகாமல் நிற்கின்றன. கள்ளிகளை விட எனக்கு அங்கே பிடித்தது, அடிமரத்திலேயே நீரைச் சேர்த்து வைக்கும் பெருத்த பாவோபாப் மரங்கள்தான். அவற்றை அண்ணாந்து பார்க்கவே டிக்கெட் காசு கொடுக்கலாம்.

சாங்கி விமான நிலையம் முதல் டெர்மினலில் மொட்டைமாடிக் கள்ளித் தோட்டம் இருக்கிறது. தனி டிக்கெட் கிடையாது, ஆனால் டிரான்சிட் பகுதிக்குள் (குடிநுழைவுச் சோதனையைத் தாண்டிய பகுதி) இருப்பதால் விமானப் பயணிகளுக்கு மட்டும்தான். திறந்தவெளி என்பதால் நல்லாவே வியர்க்கும், மாலையில் போங்கள். இணைப்பு விமானத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தால் தாராளமாகப் போதும், சரி, குழந்தைகள் முள்ளைத் தொடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.