டவுன் கெமிஸ்ட்ரி கிளாஸ்: படிப்பிப்பு அருமை, நேரம்தான் ஊர்ப்பிள்ளைக்கு ஒத்துவராது

என் பெறாமகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. மட்டக்களப்பு டவுனில் ஒரு நிலையத்துக்கு இரசாயனவியல் வகுப்புக்குப் போகிறாள். நிலையத்தின் பெயரைப் போடவில்லை, ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறை அநேகமாக எல்லா டவுன் வகுப்புக்கும் பொருந்தும்.

படிப்பிப்பில் குறையே இல்லை. சேர் மோல் கணக்கை அடியிலிருந்து தொடங்குகிறார், திருப்பிக் கேட்டால் எரிந்து விழுவதில்லை, கடந்தகால வினாக்களை அலகு அலகாகப் பிரித்து டியூட் (பயிற்சித்தாள்) அடித்துத் தருகிறார். பாடசாலையில் இரசாயனவியல் ஆசிரியர் மாற்றலாகிப் போய் பல மாதம் ஆள் வராமல் இருந்தபோது இந்த வகுப்புத்தான் அவளைக் காப்பாற்றியது.

நேரம்தான் பிரச்சினை. பின்னேரம் மூன்றரைக்குத் தொடங்கி ஆறரைக்கு முடியும். டவுன் பிள்ளை சைக்கிளில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வீடு. இவளுக்கு வீடு தாந்தாமலைப் பக்கம். பஸ்ஸில் ஆரையம்பதி, மண்முனைப் பாலம் தாண்டிக் கொக்கட்டிச்சோலையில் இறங்கி, அங்கிருந்து தகப்பன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும், இருட்டினால் அந்த ரோட்டில் யானை நிற்கும். அதனால் ஒவ்வொரு வகுப்பிலும் அரை மணி நேரம் முந்தியே எழும்பிவிடுகிறாள். சேர் வினாத்தாளை விளங்கப்படுத்துவதோ அந்தக் கடைசி அரை மணியில்! 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை நாங்கள் பாதையில், அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவையில் ஏறித்தான் மட்டக்களப்பு வாவியைக் கடந்தோம், அப்போது டவுன் டியூசனை நினைக்கவும் முடியாது. பாலம் வந்தது பெரிய காரியம்தான், ஆனால் பின்னேர பஸ் போதாது.

அடுத்தது காசு. பத்தாம் திகதிக்குள் காசு கட்டி கார்டில் அடையாளம் விழாவிட்டால் வகுப்புக்குள் விடமாட்டார்கள். தகப்பனுக்கு வயல் கூலி, வெள்ளாமை வெட்டும் காலத்தில் கையில் காசு இருக்கும், மற்ற மாதங்களில் கடன்தான். ஒருமுறை இவளை வாசலில் நிறுத்திவிட்டார்கள். விசயம் தெரிந்ததும் சேரே வெளியே வந்து, "நீங்க உள்ள வாங்க மகள், காசு பிறகு பார்ப்பம்" என்று கூட்டிப்போனார். நல்ல மனிசன். ஆனால் இது சேரின் மனதைப் பொறுத்த விசயமாக இருக்கக்கூடாது, அறுவடைக்குப் பிறகு சேர்த்துக் கட்டுகிற மாதிரி ஒரு ஒழுங்கு வைத்தால் பிள்ளை எல்லார் முன்னாலும் குறுகி நிற்க வேண்டியதில்லை.

இதைச் சொன்னால் "உங்களுக்குத்தான் கோட்டா இருக்கே" என்கிறார்கள். சரி, கணக்கைப் பாருங்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைப்படி, 55 வீதம் மாவட்டச் சனத்தொகைப்படி, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. அந்த 16இல் மட்டக்களப்பும் உண்டு, அம்பாறையும் உண்டு. ஆனால் மாவட்டத்துக்கு ஒரே வெட்டுப்புள்ளி, அதாவது அனுமதி கிடைக்கத் தேவையான ஆகக் குறைந்த புள்ளி. ஐந்து கல்வி வலயமும் அதற்குள்தான். டவுனில் பெரிய பாடசாலையில் படித்து மூன்று பாடத்துக்கும் டியூசன் போகிற பிள்ளையும், பதினோராம் தரத்தோடு முடிகிற ஊர்ப் பாடசாலையிலிருந்து வந்த பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். கொழும்புக்கும் எங்களுக்கும் உள்ள தூரத்தைக் கோட்டா கொஞ்சம் குறைக்கிறது, வாவியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் உள்ள தூரம் அப்படியே கிடக்கிறது.

நிலையத்தின் வாசலில் பெரிய பேனர், மருத்துவம் கிடைத்தவர்களின் படங்கள். அவர்கள் பாடுபட்டார்கள், வாழ்த்துகள். எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தியும் இதே சேரிடம் படித்தாள். மூன்று பாடமும் சாதாரண சித்தி, தாழங்குடா கல்வியியற் கல்லூரிக்குப் போய் இப்போது ஊரிலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள், தம்பிமார் இரண்டு பேரின் படிப்பையும் அவள்தான் பார்க்கிறாள். அவள் வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் எடுத்தவள் அவள். அவளுடைய படம் அந்தப் பேனரில் இல்லை. அதுவும் இந்த வகுப்பின் வெற்றிதானே? நான் சேராக இருந்தால் அவள் படத்தை முதல் வரிசையில் போட்டு, எந்த ஊரிலிருந்து வந்தாள் என்றும் எழுதியிருப்பேன்.

டவுன், கல்லடி, ஆரையம்பதிப் பிள்ளைகள் யோசிக்காமல் சேரலாம். வாவியின் மேற்குப் பக்கம், படுவான்கரைப் பெற்றோர் கடைசி பஸ்ஸை விசாரித்துவிட்டுச் சேருங்கள். பதினைந்து பேர் வந்தால் சனிக்கிழமை காலையில் தனியாக ஒரு வகுப்பு வைக்கலாம் என்று சேர் சொல்லியிருக்கிறார். ஒன்பது பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கொக்கட்டிச்சோலை, முதலைக்குடா, வெல்லாவெளிப் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், இன்னும் ஆறு பேர்தான் வேண்டும்.