மொத்தமாக இறக்குவதா, வேலைக்கு வேலை வரவழைப்பதா?

கட்டட சைட்டில் சிமென்ட், கம்பி, மணல் போன்ற பொருட்களை வாங்குவதில் இந்தத் தகராறு ஓயாது. மொத்தமாக இறக்கினால் பணமும் இடமும் முடங்கும். அன்றன்றைக்கு வரவழைத்தால், ஒரு லாரி தாமதமானாலும் ஆட்கள் சும்மா உட்காருவார்கள். சைட் முழுக்க ஒரே முறை என்று வைத்துக்கொள்வதுதான் தவறு. பொருளுக்குப் பொருள் கணக்கு வேறு.

சிமென்ட்டைக் குவித்து வைப்பது நஷ்டம். மூன்று மாதம் தாண்டிய மூட்டையைச் சோதிக்காமல் தொடக்கூடாது. புது லோடைப் பழைய அடுக்குக்கு முன்னாலேயே இறக்குவார்கள், அது வசதி என்பதால். பழையது உள்ளே கட்டிதட்டிக் கிடக்கும். ஒரு நாளைக்கு 40 மூட்டை செலவு, ஆர்டர் கொடுத்து வந்துசேர 3 நாள் என்றால் 120. தாமதத்துக்கு இரண்டு நாள் இருப்பு 80. ஆக, ஸ்டோரில் 200 மூட்டைக்கு இறங்கியதும் அடுத்த ஆர்டர் போக வேண்டும்.

கம்பியில்தான் உண்மையான போட்டி: நேர்க்கம்பியாக இறக்கி சைட்டில் வெட்டுவதா, வெட்டி வளைத்ததை யார்டிலிருந்து வரவழைப்பதா? 12 மீட்டர் நீளக் கம்பியில் 5.1 மீட்டர் துண்டு வெட்டினால் இரண்டு கிடைக்கும், 1.8 மீட்டர் மிஞ்சும். 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ, 500 கம்பி வெட்டினால் சுமார் 800 கிலோ துண்டு. வெட்டி வளைத்துத் தரும் யார்டு, அந்த 1.8 மீட்டரை வேறொரு சைட்டின் அளவுக்குப் பயன்படுத்திவிடும். ஆனால் வரைபடம் மாறினால் வளைத்த கம்பி பழைய இரும்புதான்; நேர்க்கம்பியோ கம்பியாகவே இருக்கும். அதனால் ஒரே மாதிரி மாடிகளுக்கு யார்டு, மண்ணைத் தோண்டிய பிறகு அளவு மாறக்கூடிய அஸ்திவாரத்துக்கு நேர்க்கம்பி. யார்டிலிருந்து வரும் கட்டுகளில் டேக் இல்லாவிட்டால் இறக்கவே விடாதீர்கள். எது எந்த பீமுக்கு என்று தேடுவதிலேயே அரை நாள் போய்விடும்.

ஆலையிலேயே கலந்து லாரியில் வரும் கான்கிரீட்டை, அதாவது ரெடிமிக்ஸை, இருப்பு வைக்க வழியில்லை. அங்கே சண்டை லாரி எண்ணிக்கையில். ஒரு லாரியைப் பம்ப் 20 நிமிடத்தில் காலி செய்கிறது, ஏற்றி வந்து இறக்கித் திரும்ப 80 நிமிடம் ஆகிறது என்றால் 4 லாரி வேண்டும். மூன்றே இருந்தால் இடைவெளி விழும். கான்கிரீட் இறுகிவிட்டால் பழையதும் புதியதும் ஒட்டாது, ஸ்லாபில் ஜாயின்ட் விழும். எட்டு வந்தால் வரிசையில் நிற்கும், கெட்டிப்படும், யாராவது டிரம்மில் தண்ணீர் ஊற்றுவார்கள். வலிமை அங்கேயே போச்சு.

மணலில் வாங்கும் முறையைவிட அளக்கும் விதம்தான் ஏமாற்றும். கன அளவில் வாங்கினால், ஈர மணல் உப்பிக் கால் பங்கு வரைகூட அதிகமாகத் தெரியும். எடை போட்டால் தண்ணீரையும் சேர்த்து வாங்குகிறோம். எதில் வாங்கினாலும் ஈரத்தைப் பார்த்துக் கழித்தாக வேண்டும்.

மொத்தமாக வாங்கியே தீர வேண்டியது டைல்ஸ். அடுத்த தடவை வரும் பேட்ச்சில் நிறம் லேசாக மாறும். உடைசலுக்கு 5 முதல் 10 சதவீதம் சேர்த்து ஒரே பேட்ச்சில் எடுத்துவிடுங்கள். பெட்டி மேல் உள்ள ஷேடு எண்ணை இறக்கும்போதே ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஒட்டிய பிறகு அல்ல.