மெக்சிகோக் குகை டெட்ராவும் கேரளக் கிணற்றுக் கெளுத்தியும்

மெக்சிகோவின் சியரா தே எல் ஆப்ரா மலைத்தொடரில், சுண்ணாம்புக் குகைக் குளங்களில் வாழும் டெட்ரா என்ற சிறு மீனையும், கேரளத்தின் செம்புரைக்கல்லுக்கு அடியில் ஊறும் நீரில் வாழும் ஹோராகிளானிஸ் கெளுத்தியையும் 'குருட்டு மீன்' என்ற ஒரே சொல்லில் அடக்குவது பொருந்தாது.

டெட்ராவின் கருவில் கண் உருவாகத் தொடங்கி, பின்னர் சிதைந்து தோலுக்கு அடியில் புதைந்துவிடுகிறது. அதே இனத்தின் கண்ணுள்ள மீன்கள் அருகிலுள்ள ஆறுகளில் இன்றும் நீந்துகின்றன. இரண்டும் இணைந்து குஞ்சு பொரிப்பதால், கண் மறைந்த வழியை ஆய்வகத் தொட்டியிலேயே தலைமுறை தலைமுறையாகத் தொடர முடிகிறது. குகைக்குள் அதற்கு வௌவால் எச்சமும், வெள்ளம் அடித்துவரும் மக்கிய பொருள்களும் உணவாகின்றன.

கெளுத்தியிடம் நாம் சென்று சேரவே வழியில்லை. கோட்டயத்துக் கிணற்றில் கிடைத்த இந்தக் கெளுத்தியை 1950-இல் மீனியலாளர் ஏ. ஜி. கே. மேனன் அறிவியலுக்கு விவரித்தார். விரல் நீளம்கூட இல்லாத அந்த உடலில் நிறமி இல்லாததால் குருதியின் சிவப்பு அப்படியே தெரிகிறது. கிணறு தூர்வாரும்போதோ, குழாய் நீரோடு வாளியில் விழும்போதோதான் அது மனிதர் கண்ணில் படுகிறது. அறிவியலுக்கு டெட்ரா அதிகம் தந்திருக்கலாம். ஆனால் நம் கவலைக்கு முதலில் உரியது கெளுத்தியே, ஏனெனில் அதன் வீடு நாம் அன்றாடம் இறைத்துக் குடிக்கும் நீர்.