வேலூர்ல கார் ஏசிக்கு கேஸ் அடிக்கப் போறீங்களா? முதல்ல ஃபேன் சுத்துதான்னு பாருங்க

அக்னி நட்சத்திரத்துல வேலூர் எப்படிக் கொதிக்கும்னு இங்கே இருக்கறவங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்த மே மாதம் அம்மாவைக் கண் பரிசோதனைக்காகக் குடியாத்தத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தேன். லத்தேரி தாண்டும்வரை ஏசி நன்றாகத்தான் குளிர்ந்தது. காட்பாடி மேம்பாலத்தில் வண்டிகள் நிற்க ஆரம்பித்ததும் அனல் காற்று. "ஏம்பா, அடுப்பு ஊதுற மாதிரி இருக்கு, கண்ணாடிய இறக்கிடு" என்றார் அம்மா. வயது எழுபத்திரண்டு. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

ஓடினால் குளிர்ச்சி, நின்றால் சூடு. கார் தன் நோயைத் தானே சொல்லிவிட்டது. எனக்குத்தான் அது புரியவில்லை.

மறுநாள் நகரத்துக்குள் இருக்கும் ஒரு கார் ஏசி கடைக்குப் போனேன். பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "கேஸ் கம்மியா இருக்கு சார், அடிச்சா சரியாயிடும்." கேஜ் (அழுத்தமானி) மாட்டி எவ்வளவு இருக்கிறது என்று காட்டவில்லை, எங்கே கசிகிறது என்றும் தேடவில்லை. 2,200 ரூபாய். பிறகு "வாங்க சார், டெஸ்ட் டிரைவ் போலாம்" என்று பைபாஸில் கொஞ்ச தூரம் கூட்டிப்போனார். ஜில்லென்று வந்தது. வேகமாக ஓடும் வண்டியில் எதிர்க்காற்றே கண்டென்சரை (ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும், வண்டி முன்பக்கப் பாகம்) குளிர வைத்துவிடும் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது.

மறுநாள் கிரீன் சர்க்கிளில் நின்றேன், மறுபடியும் அனல்.

திரும்பப் போனபோது பேச்சு மாறிவிட்டது. "கம்ப்ரஸர் கட் ஆகுது பாருங்க சார். கம்ப்ரஸர் போச்சு." கேஸை அழுத்தித் தள்ளும் அந்த கம்ப்ரஸர் இடையிடையே நின்றுபோனது உண்மைதான், நானே பார்த்தேன். அதனால்தான் நம்பினேன். புது கம்ப்ரஸர், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து 19,000. பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி பில்னா 18 சதவீதம் கூட ஆகும் சார்" என்று ஒரு வெள்ளைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். கழற்றிய பழைய கம்ப்ரஸரைக் கேட்டேன். "அது ஸ்கிராப் சார், பையன் எடுத்துட்டுப் போயிட்டான்." மறுபடியும் அதே பைபாஸ், அதே ஜில். இரண்டே நாளில் அதே சூடு. போன் செய்தால், "வாரண்டி கம்ப்ரஸருக்குத்தான் சார், அது நல்லாதானே ஓடுது?"

ஒரு நண்பர் சொல்லி, ராணிப்பேட்டையில் ஒரு பெரியவரிடம் போனேன். அவர் ஏசியைப் போடச் சொல்லிவிட்டு, பானெட் முன்னால் குனிந்து சும்மா நின்றார். "தம்பி, இங்க வா. ரெண்டு ஃபேன் இருக்கா? இது ரேடியேட்டருக்கு. ஏசி போட்டா இந்தக் கண்டென்சர் ஃபேன் சுத்தணும். சுத்துதா?" சுத்தவில்லை. ரேடியேட்டர் ஃபேன் தனியாக ஓடியதால் இஞ்சின் சூடாகவில்லை, எனக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு கேஜ் மாட்டினார். ஹை சைடு (அழுத்தம் கூடிய பக்கம்) முள் 250, 300 என்று ஏறிக்கொண்டே போய் 400 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) தாண்டியதும் டக்கென்று கம்ப்ரஸர் நின்றது. அழுத்தம் எல்லை மீறினால் பிரஷர் சுவிட்ச்தான் கம்ப்ரஸரை நிறுத்துகிறது. அது கோளாறு இல்லை, பாதுகாப்பு. இதைத்தான் 'கம்ப்ரஸர் போச்சு' என்று என்னிடம் விற்றிருக்கிறார்கள். அடுத்து ஒரு சொம்புத் தண்ணீரைக் கண்டென்சர் மேல் ஊற்றினார். முள் சரசரவென்று இறங்கியது, உள்ளே குளிர்காற்று வந்தது. இருபது நிமிடத்தில், என் கண் முன்னால், ஒரு சொம்புத் தண்ணீர் காட்டிய உண்மைக்கு நான் 21,200 ரூபாய் கொடுத்திருந்தேன்.

ஃபேன் பிளக்குக்கு 12 வோல்ட் கரெண்ட் சரியாக வந்தது. மோட்டார்தான் போயிருந்தது. புது மோட்டார் 2,600.

அதோடு முடியவில்லை. பழைய கேஸை மெஷினில் எடுத்து எடை பார்த்தார். என் காரின் பானெட் ஸ்டிக்கரில் ஆர்134ஏ (ஏசி கேஸின் வகை) 450 கிராம் என்று இருக்கிறது, உள்ளே இருந்தது 610. அதிகமாக அடித்தாலும் அழுத்தம் ஏறும், அதுவும் ஃபேன் ஓடாத வண்டியில். அரை மணி நேரம் வேக்யூம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), தராசில் வைத்து 450 ஏற்றினார், அதற்கு 1,800. நிற்கிற வண்டியில் வென்ட்டில் தெர்மாமீட்டர் 10 டிகிரி காட்டியது.

கடைசியாக அந்தப் 'புது' கம்ப்ரஸரை நகத்தால் சுரண்டிக் காட்டினார். வெள்ளிநிற ஸ்பிரே பெயிண்ட் உரிந்து வந்தது, அடியில் கறுத்த எண்ணெய்ப் பிசுக்கு. போல்ட் தலையில்கூடப் பெயிண்ட். யாரோ ஒருவருடைய பழைய கம்ப்ரஸர் அது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த என்னுடையது இப்போது எந்த வண்டியில், என்ன பெயிண்டில் இருக்கிறதோ! அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

ஏசி கடைக்குப் போகிறவர்கள் டெஸ்ட் டிரைவை நம்பாதீர்கள். வண்டியை வெயிலில் நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டு, பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். கேஸ் அடிக்கும் முன் கேஜ் ரீடிங்கைப் போனில் படம் எடுங்கள், எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பார்ட் உங்கள் டிக்கியில் ஏறாமல் பணம் கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்துவிட்டேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஜிபே ரசீதும் அந்த வெள்ளைச் சீட்டும் என்னிடம் இருக்கின்றன. உங்களிடமும் அப்படி ஒரு சீட்டு இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.