லாங் கோவிட்டுக்கு ஆக்சிஜன் சேம்பர்: 1,20,000 ரூபாய் போச்சு, உஷாராக இருங்கள்

கோபத்தில் எழுதுகிறேன், கோர்வையாக இருக்காது. எப்படித் தப்பிப்பது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அக்காவுக்கு 2022 ஜனவரியில் கோவிட் வந்து போனது, அசதி மட்டும் போகவே இல்லை. கோவிட் போன பிறகும் இப்படித் தொல்லை நீடிப்பதைத்தான் லாங் கோவிட் என்கிறார்கள். ஒரு மாடி ஏறினால் மறுநாள் முழுக்கப் படுக்கைதான். யாரோ சொல்லி, சென்னையில் ஒரு வெல்னஸ் சென்டருக்குப் போனோம். காற்றழுத்தம் கூட்டிய சேம்பருக்குள் படுத்து ஆக்சிஜனைச் சுவாசிப்பதுதான் சிகிச்சை என்றார்கள். இதைப் பற்றி 2022-இல் வெளியான இஸ்ரேல் ஆய்வின் பிரிண்ட் அவுட்டை மஞ்சள் மார்க்கரில் கோடு போட்டுக் கையில் கொடுத்தார்கள். 73 நோயாளிகள், 40 சிட்டிங், மூளை மந்தமும் களைப்பும் குறைந்ததாம். நான் படித்துக்கொண்டிருக்கும்போதே அங்கிருந்தவர் அக்காவைப் பார்த்து, "நீங்க சோம்பேறி இல்லைம்மா, உடம்புக்கு ஆக்சிஜன் பத்தலை" என்றார். மூன்று வருஷமாக வீட்டிலும் ஆபீசிலும் அவள் கேட்ட பேச்சுக்கு நடுவே ஒருத்தர் அப்படிச் சொன்னதும் அழுதே விட்டாள். அங்கேதான் விழுந்தோம். சிட்டிங் 3,000 வீதம் மொத்தம் 1,20,000, உடனே கார்டைத் தேய்த்தேன்.

சேம்பர் என்பது ஜிப் வைத்த, காற்றடித்த ஒரு நீலப் பை. டாக்டர் கண்ணில் படவே இல்லை, காதை யாரும் சோதிக்கவில்லை. 11-வது சிட்டிங்கில் அக்கா வலியில் உள்ளிருந்து பையைத் தட்டினாள். "கொட்டாவி விடுங்க மேடம், சரியாயிடும்" என்றது அங்கே வேலை பார்த்த பெண்.

செவிப்பறையில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார் காது டாக்டர். "எவ்வளவு அழுத்தம் வெச்சாங்க?" என்று கேட்டார். மீட்டரில் நான் பார்த்தது சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 1.3 மடங்கு. அந்த இஸ்ரேல் ஆய்விலோ 2 மடங்கு, மாஸ்க்கில் 100 சதவீத ஆக்சிஜன், 90 நிமிடம். அவர்கள் கொடுத்த தாளிலேயே இருக்கிறது, அந்த வரிக்கு மட்டும் மார்க்கர் போடவில்லை!

பணத்தைக் கேட்டால் "சார் மீட்டிங்ல இருக்கார்", அப்புறம் "ஹெட் ஆபீஸ்ல கேளுங்க", அப்புறம் "மேடம் கோர்ஸை முடிக்கலையே, அதான் பலன் தெரியலை". கடைசியில் வாட்ஸப்பில் பிளாக். மீதி 29 சிட்டிங்குக்கான 87,000-ஐயாவது கொடுங்கள் என்றேன், ரசீதின் பின்பக்கத்தைக் காட்டுகிறார்கள். 1,20,000 ரூபாய், அவள் நகைச்சீட்டுப் பணம்.

சரி, யோசனை சொல்கிறேன் என்றேனே. மொத்தப் பணத்தையும் முன்னாடியே கட்டாதீர்கள். எத்தனை மடங்கு அழுத்தம் என்று கேளுங்கள். ஜிப் பை என்றால் திரும்பி வந்துவிடுங்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2021-லேயே கோவிட்டுக்கு இதை அங்கீகரிக்கவில்லை என்று எச்சரித்திருக்கிறது, அதை முதலில் தேடியிருக்க வேண்டும். ரசீதை பத்திரமாக வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன்.

அக்காவுக்கு இடது காதில் இன்னும் 'ஙொய்' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.