மியூச்சுவலா, கேஸ் போட்டுப் பிரிவதா?

நான் பிரிந்தது மியூச்சுவலில், அதாவது இருவரும் சம்மதித்துக் கேட்கும் விவாகரத்தில். இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் சேர்த்த 13-பி பிரிவு அது. யார் மேலும் குற்றம் நிரூபிக்க வேண்டாம். ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், இருவரும் சம்மதிக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிந்து வாழ்வதுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. தனியாக வீடு பிடிக்க வழியில்லாத பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

அக்கா போனது அதே சட்டத்தின் 13(1) வழியில், கணவர் மேல் கொடுமை என்று கேஸ் போட்டு. அதில் எனக்குச் சொந்த அனுபவம் இல்லை, வாய்தாவுக்குத் துணைக்குப் போனதோடு சரி. கல்யாணமான புதிதில் அவள் அனுப்பிய வாட்ஸப் செய்தியை குறுக்கு விசாரணையில் வாசித்துக் காட்டியபோது, அவள் கையிலிருந்த கர்சீப்பைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். அடி உதை உள்ள இடத்தில் அந்த வழிதான் சரி, மறுக்கவில்லை. நீதிமுறைப் பிரிவு (கல்யாணம் முறியாமல் பிரிந்து வாழக் கோர்ட் தரும் தீர்ப்பு) வாங்கி ஓராண்டு கழித்து விவாகரத்து கேட்கலாம் என்பார்கள். ஆனால் அந்த முதல் தீர்ப்புக்கே ஒரு குற்றம் காட்டியாக வேண்டும். மணவாழ்வு மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்பதை வைத்து மட்டும், ஒருவர் மறுத்தாலும், பிரித்து வைக்கும் அதிகாரம் உச்ச நீதிமன்றத்துக்கு உண்டு (அரசியலமைப்பின் 142-ஆம் பிரிவு, 2023 தீர்ப்பு). குடும்ப நல நீதிமன்றத்தில் அது கிடைக்காது.

சரி, மியூச்சுவலில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. சம்மதம் தீர்ப்பு நாள் வரை நிற்க வேண்டும். மனு போட்டு 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இருவரும் திரும்ப வந்து சொல்ல வேண்டும். நடுவில் ஒருவர் பின்வாங்கினால் எல்லாம் போச்சு. எங்களுக்கு அப்படி ஆகப் பார்த்தது நகையால். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று மனுவில் எழுதாமல் விட்டிருந்தோம், ஐந்தாவது மாதம் அவர் வீட்டில் பேச்சு மாறியது. வக்கீல் எங்கள் இருவரையும் உட்கார வைத்து ஆரம், நெக்லஸ், இரண்டு ஜோடி வளையல், பாப்பாவின் கொலுசு வரை எடையோடு எழுதி, எந்தத் தேதியில் யார் கையில் தருவது என்றும் போட்டுக் கையெழுத்து வாங்கினார். பள்ளிக் கட்டணம், ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை எத்தனை மணிக்குத் திருப்பி விடுவது, எல்லாமே அந்தத் தாளில் ஏறியது. நீங்கள் இதை முதல் மனுவிலேயே செய்துவிடுங்கள், தயவுசெய்து.

ஒன்றரை ஆண்டுக்கு மேல் பிரிந்திருந்து, ஜீவனாம்சமும் பிள்ளைகள் விஷயமும் பேசி முடித்துவிட்டால், அந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். 2017-இல் உச்ச நீதிமன்றம் திறந்துவிட்ட வழி அது. நாங்கள் கேட்கவில்லை. பட்டியல் எழுதி முடிக்கவே அந்த 6 மாதமும் வேண்டியிருந்தது.